லினக்ஸில் உங்களுக்குப் பிடித்த டெக்ஸ்ட் எடிட்டரும் டெஸ்க்டாப் செயலிகளும் எவை? ஏன்?

என் ஓட்டு, லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான கேடிஇ-யோடு வரும் ‘கேட்’ (Kate) எடிட்டருக்குத்தான். காரணத்தைச் சொல்வதற்கு முன் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும்.

கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். இங்கே வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் இருக்கும். திருவிழா நோட்டீஸ், தமிழ் மீடியம் பள்ளி வினாத்தாள், பஞ்சாயத்துக்குக் கொடுக்கிற மனு எல்லாம் இந்த இரண்டு எழுத்துக்குள்தான். அதனால் ஒரு எடிட்டரைத் திறந்ததும் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: கொம்பும் காலும் புள்ளியும் சரியான இடத்தில் நிற்கிறதா? கீபோர்டைத் தமிழுக்கு மாற்றிய பிறகும் எடிட்டர் சொன்னபடி கேட்கிறதா?

விம்மைப் பற்றிச் சொல்லாமல் லினக்ஸ் எடிட்டர் பேச்சே கிடையாது. பில் ஜாய் 1976-ல் எழுதிய விஐ எடிட்டரின் வழியில், பிராம் மூலினார் 1991-ல் வெளியிட்டது. பிடித்திருந்தால் உகாண்டாவில் இருக்கும் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைத்த மனிதர். 2023-ல் காலமானார். ஒரு கான்ஃபிக் (அமைப்பு விவர) ஃபைலைத் திருத்த வேண்டுமென்றால் இன்றும் என் கை விம்முக்குத்தான் போகும்.

ஆனால் தமிழ் எழுத அது தோதுப்படாது. விம் ஓடுகிற டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் விண்டோ) என்பது திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து எழுத்துகளை அடுக்குகிற அமைப்பு. ஆங்கில எழுத்து அதில் அழகாக உட்காரும். ‘கொ’ என்று அடித்தால் முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால் என்று விரிய வேண்டும். கட்டக் கணக்கில் அது இடிபடும், கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். தனி விண்டோவில் திறக்கிற ஜிவிம்மிலும் அதே கட்டக் கணக்குதான். இன்னொரு சிக்கல் கீபோர்டு. ஒரு வரியை அழிக்க எஸ்கேப் அழுத்தி, டி-யை இரண்டு முறை தட்ட வேண்டும். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையைப் போட்டிருந்தால் அந்த விசையில் இருப்பது ‘உ’. விம்முக்கு அது கட்டளையாகவே புரியாது. ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்குப் போய்வர வேண்டும். விம்முக்குள்ளேயே கீமேப் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) அமைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். எழுத்து கலைகிற தொல்லை தீராது.

இமேக்ஸ் என்ற எடிட்டர் இந்த விஷயத்தில் மேல். 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகத்திடம் கொடுத்துவிட்டார்கள். தமிழ், மலையாளம் இரண்டும் ஒழுங்காக வருகின்றன. தமிழ் உள்ளீட்டு முறையும் உள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோலோடு பேக்ஸ்லாஷ் அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம். கட்டளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றை ஆளாக உட்கார்ந்து கட்டுரையோ கதையோ எழுதுகிறவர்களுக்கு இமேக்ஸைத் தயங்காமல் சொல்வேன். என் கடையில் விடுமுறைக்கு உதவிக்கு வரும் பையன்களும் அதே கணினியில் உட்கார வேண்டும். அவர்களுக்கு அந்த விசைச் சேர்க்கைகளைப் பழக்க நாளாகும்.

கேட்டில் இந்த இடைஞ்சல் எதுவும் இல்லை. திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்கலாம். சேமிப்பதற்குள் கரண்ட் போனாலும், அடுத்த முறை அதே ஃபைலைத் திறக்கும்போது மீட்டுத் தரட்டுமா என்று கேட்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு மறைவான ஃபைலில் மாற்றங்களை எழுதி வைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும்.

நான் கேட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம் அதன் தேடு-மாற்று வசதி. மலையாளத்தில் ன், ர், ல், ள், ண் ஆகியவற்றுக்குச் சில்லு என்று தனி வடிவம் உண்டு. 2008-ல் யூனிகோட் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரம்) 5.1 வரும்வரை அதை மூன்று துண்டாகத்தான் அடிக்க வேண்டியிருந்தது: மெய்யெழுத்து, அதன் மேல் சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு இணைப்புக் குறி. அதற்குப் பிறகு சில்லுகளுக்குத் தனித்தனி எண் கிடைத்தது. பழைய முறை, புதிய முறை இரண்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வேறு வேறு.

திருவிழா கமிட்டி நன்கொடைப் பட்டியல் கொண்டுவருகிறது என்று வையுங்கள். ராஜன், மோகனன், சுரேந்திரன் என்று எங்கள் பக்கத்து ஆண் பெயரில் பாதி சில்லில்தான் முடியும். பட்டியலில் ஒரு பகுதி போன வருஷத்து ஃபைலிலிருந்து வந்தது, மீதி யாரோ மொபைலில் அடித்து அனுப்பியது. ‘ராஜன்’ என்று தேடினால் பாதி ராஜன்கள் அகப்பட மாட்டார்கள். கேட்டில் பழைய வடிவத்தைத் தேடு பெட்டியிலும் புதியதை மாற்று பெட்டியிலும் ஒட்டி, திறந்திருக்கிற எல்லா ஃபைல்களிலும் ஒரேயடியாக மாற்றிவிடுவேன். அப்புறம்தான் அகரவரிசைப்படுத்துவது எல்லாம். தமிழிலும் இதே தலைவலி உண்டு. ‘சௌந்தரம்’ என்ற பெயரில் ஔகாரக் குறியைப் போடாமல் ‘செ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ சேர்த்திருப்பார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற, மாதிரி வைத்துத் தேடும் முறையில் எழுத்தின் யூனிகோட் குடும்பப் பெயரைக் கொடுத்தும் தேடலாம் என்பதால், தமிழ்ப் பக்கத்துக்குள் தப்பி நுழைந்த மலையாள எழுத்தையும் ஒரே தேடலில் பிடித்துவிடலாம்.

விஎஸ் கோட் என்ற எடிட்டரும் தமிழை நன்றாகவே காட்டுகிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை விரும்புவது நியாயம். 4 ஜிபி மெமரி உள்ள கடைக் கணினிக்கு அது பாரம்.

மற்ற செயலிகளில் எனக்கு அதிகம் உதவுவது ஜிஇமேஜ்ரீடர். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டுக்கு முகப்பாக இருக்கும் இது பழைய நோட்டீஸை ஸ்கேன் செய்து கொடுத்தால் எழுத்தாக்கித் தரும். தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். இரண்டு திருத்தப் படிகளை ஒப்பிட மெல்ட். பத்திரிகை வடிவமைக்க இன்க்ஸ்கேப். பல பக்க மலருக்கு ஸ்க்ரைபஸ், ஆனால் பழைய 1.4 வேண்டாம், அதில் நம் எழுத்துகள் கோத்து வராது. 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். கேரளப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் என்ற அரசுத் திட்டத்தின் காலத்திலிருந்தே கட்டற்ற மென்பொருள்தான், இப்போது கைட் என்ற அரசு நிறுவனம் அதைத் தொடர்கிறது. ஆகவே உதவிக்கு வரும் பையன்களுக்குப் படம் திருத்தும் ஜிம்ப்பும் இன்க்ஸ்கேப்பும் முன்பே பழக்கம். நான் சொல்லிக்கொடுக்க மீதமிருப்பது தமிழ்99 மட்டும்தான்.

புதிதாக இரண்டு மொழிக்கும் சேர்த்து அமைக்கிறவர்கள் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் ஆகிய இரண்டு கீபோர்டும் வந்துவிடும். ஐபஸ் அமைப்பில், எல்லாச் செயலிக்கும் ஒரே உள்ளீட்டு முறை என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கேட்டில் தமிழும் டெர்மினலில் ஆங்கிலமும் தனித்தனியாக நிற்கும். ஃபாண்ட்டுக்கு மலையாளப் பக்கம் மீரா, தமிழ்ப் பக்கம் மீரா இனிமை. இரண்டையும் வரைந்தவர் ஹுசைன் கே.எச்., வெளியிட்டது சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற அமைப்பு. கோட்டின் தடிமன் ஒத்துப்போவதால் இரண்டு மொழிப் பத்திரிகையும் ஒரே கை எழுதியது மாதிரி வரும். இரண்டுமே இலவசம்.