செலவை அளந்தால் சமத்துவம் தெரியுமா?

கேள்வி: சமத்துவத்தில் இந்தியாவுக்கு உலகில் 4-ஆவது இடம் என்று 2025 ஜூலையில் செய்தி வந்தது. சீனா, அமெரிக்கா எல்லாம் நமக்குப் பின்னால்தானாம். எங்கள் தெருவைப் பார்த்தால் நம்ப முடியவில்லையே?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்த எண் பொய் இல்லை அம்மா. ஏழை-பணக்காரர் இடைவெளியை அளக்க உலக வங்கி தருகிற கினிக் குறியீட்டை வைத்துச் சொன்னது அது. எல்லாருக்கும் சரிசமமாக இருந்தால் 0, ஒருவரிடமே எல்லாம் குவிந்தால் 100. 2022-23 கணக்கில் இந்தியா 25.5. ஆனால் அளந்தது வருமானத்தை இல்லை, வீட்டுச் செலவை.

2011-12 சுற்றில் இந்தச் செலவுக் கணக்கெடுப்புக்காக நானும் தென்காசிப் பக்கம் வீடு வீடாகப் போனேன். பீடி சுற்றும் ஓர் அக்கா, மடியில் தட்டோடு, இலையை வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். எண்ணெய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று கேட்டால் யோசித்து யோசித்துச் சொல்வார். ஆஸ்பத்திரிச் செலவு என்றதும் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. “வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் சார், நாப்பதாயிரம். வட்டிக்கு வாங்கினதுதான்.” எழுதிக்கொண்டேன். படிவத்தில் அது செலவு. கணக்குப்படி அந்த வருடம் அவர் குடும்பம் ஒரு படி மேலே ஏறியிருக்கும். வீட்டில் கடன்தான் ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதே வாரம் ஒரு பெரிய வீடு. மூன்று தடவை போயும் கேட்டைத் தாண்ட முடியவில்லை. “ஐயா வெளியூர்” என்றார் வாட்ச்மேன். கடைசியில் அதற்குப் பதில் வேறொரு வீட்டை எடுத்துக்கொண்டோம். உள்ளே விட்டிருந்தாலும், அவர்கள் வாங்கிய மனை, பங்கு, வங்கியில் போட்ட பணம் எதுவும் செலவில் வராது. பணக்காரர் எவ்வளவுதான் சாப்பிட்டுவிட முடியும்? மிச்சம் சேமிப்புக்குப் போகிறது. அதனால் செலவை வைத்துப் பார்த்தால் இடைவெளி சுருங்கித்தான் தெரியும்.

அப்புறம், எல்லா நாடும் இப்படி அளப்பதில்லை. இந்தோனேசியா நம்மைப் போலச் செலவைப் பார்க்கிறது. மலேசியா வருமானத்தைப் பார்க்கிறது; 2022-இல் அங்கே 40.4. அமெரிக்காவும் வருமானம்தான். ஒருவர் படியால் அளக்க, இன்னொருவர் மரக்காலால் அளக்க, எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரிடம் நெல் அதிகம் என்று சொல்ல முடியுமா?

ரேஷன் அரிசி வந்ததும் பல வீடுகளில் பசி குறைந்ததும் உண்மை. அதை நான் கண்ணால் பார்த்தவன். அது வறுமை குறைந்த கதை, சமத்துவம் வந்த கதை இல்லை.

25.5 இருக்கிற அதே குறிப்பிலேயே உலக வங்கி இன்னொரு கணக்கையும் தந்திருக்கிறது. உலகச் சமத்துவமின்மைத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமானக் கினி 2004-இல் 52, 2023-இல் 62. உங்கள் தெருவில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.