அட்டை நிரப்பியவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். போன ஜனவரியில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தினோம். பந்தல், மைக் செட், வெளியூர்ப் பிரசங்கியார் என்று நல்ல செலவு. கடைசி நாள் அழைப்புக் கொடுத்தபோது 43 பேர் முன்னால் வந்து, இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று பேர், விலாசம் எழுதித் தரும் தீர்மான அட்டையை நிரப்பிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் ஆகிறது, இப்போது ஆராதனைக்கு வருவது இரண்டே பேர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா நான்கைந்து வாரம் வந்துவிட்டு நின்றுவிட்டார். பாஸ்டர் அடுத்த ஜனவரிக்கு இன்னும் பெரிய கூட்டம் போடச் சொல்கிறார். "முதலில் இந்த 43 பேரைப் பார்ப்போமே" என்றேன். எனக்கு ஆத்தும பாரம், அதாவது மற்றவர்களின் ஆத்துமாவைப் பற்றிய கவலை, குறைந்துவிட்டது என்கிறார்கள். அட்டைகள் என் பீரோவில்தான் இருக்கின்றன. உண்மையிலேயே எனக்குப் பாரம் இல்லையா?

பதில்: தம்பி, பாரம் இல்லாதவன் எட்டு மாதம் கழித்து அட்டையை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். அதனால் அந்தக் கேள்வியை இத்தோடு விடுங்கள். ஆனால் உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக "பார்ப்போமே, பார்ப்போமே" என்று பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள், சரி, நீங்கள் ஒருத்தர் வீட்டுக்காவது போனீர்களா? கடிதத்தில் அது இல்லை. கமிட்டியில் தீர்மானம் போட்டால்தான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று எந்தச் சபைச் சட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், குறைவுதான். இருபத்திரண்டு வயதில் நானும் பஸ் ஸ்டாண்டில் நற்செய்திக் கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு டீக்கடைக்காரர் மட்டும் பிரதியை மடித்துப் பையில் வைக்காமல் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார், கண் கலங்கினார், சேர்ந்து ஜெபம் பண்ணினோம், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் கதையை நன்றாகவே சொன்னேன், அல்லேலூயாவும் கிடைத்தது. அப்புறம் அந்தக் கடைக்குப் போனது மூன்று வருடம் கழித்து, பஸ் தாமதமானதால் டீ குடிக்க. ஆள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "அடுத்த வாரம் வர்றேன்னீங்களே தம்பி" என்றார், அவ்வளவுதான். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இயேசு சீஷர்களுக்கு (சீடர்களுக்கு) கட்டளை கொடுக்கும் மத்தேயு 28-ஐ எல்லோரும் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதிலும் "புறப்பட்டுப்போய்" என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வாக்கியத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: புறப்பட்டுப்போய், சீஷராக்கி, ஞானஸ்நானம் கொடுத்து, கடைசியில் கைக்கொள்ளும்படி உபதேசம் பண்ணச் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் "சீஷராக்குங்கள்" என்பதுதான் கட்டளையாக நிற்கும் வினை, மற்றவை அதை ஒட்டி வருபவை. அட்டை நிரப்புவது இதில் எங்கே வருகிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

சபையைத் துன்பப்படுத்திவிட்டுப் பிற்பாடு அப்போஸ்தலன் பவுல் ஆன சவுலின் கதையையே எடுங்கள். தமஸ்கு வழியில் ஒளியைக் கண்டதைத்தான் கூட்டங்களில் மணிக்கணக்கில் பிரசங்கிக்கிறோம். அதற்கப்புறம் எருசலேமில் சீஷர்கள் ஒருத்தரும் அந்த ஆளை நம்பவில்லை, கிட்டே சேர்க்கப் பயந்தார்கள், பர்னபாதான் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனார் என்பதை எத்தனை பேர் பிரசங்கிக்கிறார்கள்? பிறகு சவுல் சொந்த ஊரான தர்சுவுக்குப் போய்விட, இதே பர்னபா அந்தியோகியாவிலிருந்து கிளம்பிப்போய்த் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வருகிறார் (அப்போஸ்தலர் 11). இரண்டு பேரும் ஒரு வருஷம் அந்தச் சபையோடு தங்கி உபதேசம் பண்ணுகிறார்கள். சீஷர்களுக்கு "கிறிஸ்தவர்கள்" என்ற பேர் முதன்முதலாக வந்தது அந்த ஊரில்தான். அந்தியோகியாவில் உட்கார்ந்துகொண்டு "சவுல் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை" என்று பர்னபா கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவைக்கு 1778-ல் ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் அங்கேயே தங்கவில்லை, தங்கவும் முடியாது, அவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வேலை கிடந்தது. ஆனால் 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். 1785-ல் ஆலயமும் எழும்பியது, ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சொல்வது அதைத்தான். இடைப்பட்ட காலத்தில் அந்த மந்தையைக் கட்டிக் காத்தது, அதே ஊரில், அதே தெருவில் குடியிருந்த அந்த அம்மாள். பிறகு சத்தியநாதன் என்ற உபதேசியார் வந்து தங்கினார், 1790-ல் அவருக்கே குருப்பட்டமும் கிடைத்தது. திருநெல்வேலிச் சபைகளில் உபதேசியார் என்ற ஆளை நம் தாத்தா பாட்டிகள் பார்த்திருப்பார்கள்: மணி அடிப்பார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார், காய்ச்சல் என்றால் வந்து திண்ணையில் உட்காருவார். அவரைப் பற்றி யாரும் போஸ்டர் அடித்ததில்லை.

சரி, திருப்பூருக்கு வருவோம். உங்கள் 43 பேரில் பாதிப் பேராவது பனியன் கம்பெனி ஆட்களாகத்தான் இருப்பார்கள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிறவர்கள். சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க, சந்தைக்குப் போக, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற. நீங்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆராதனை வைத்துவிட்டு, வராதவர்களைப் பின்மாறிப்போனவர்கள், அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவர்கள், என்று எழுதிவிடுகிறீர்கள். முன்னுக்கு வந்திருந்தால்தானே ஐயா பின்மாற!

43 பேரையும் நீங்கள் ஒருத்தரே பார்க்க முடியாது, முயற்சியும் பண்ணாதீர்கள். மூன்று பேரை எடுங்கள். உங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஆளுக்கு இரண்டு அட்டை எடுத்துக்கொள்ள நாலைந்து பேர் கிடைத்தால் அதுவே பெரிய காரியம். போனில் "எப்படி இருக்கீங்க, ஜெபிக்கிறோம்" என்று கேட்டு நோட்டில் டிக் அடிப்பதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். நேரில் போக வேண்டும், அவர்களுக்குத் தோதான நேரத்தில். முதல் நாள் பைபிளை எடுக்காதீர்கள். எட்டு மாதம் வராததற்கு மன்னிப்புக் கேளுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். திரும்பக் கூப்பிட்டால் போங்கள். விருப்பம் இல்லை என்றால் மரியாதையாக வந்துவிடுங்கள், தொந்தரவு பண்ணுவது ஊழியம் ஆகாது. பணம், வேலை, பள்ளிக்கூட சீட்டு என்று எதையும் காட்டி இழுக்கிற பேச்சு மறந்தும் வேண்டாம்.

படிக்க விரும்பினால் மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம், வாரம் ஒன்று என்றால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். அவர்களையே வாசிக்க விடுங்கள், எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை. நாம் சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய சபைத் தமிழ் புதிதாக வருகிறவருக்குச் சுத்தமாகப் புரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் ஜெபக்கூட்டத்தில் அரை மணி நேரம் கிருபையைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "அந்தக் கிருபைங்கிற அம்மா எந்த ஊருங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டோம். அப்புறம்தான் உறைத்தது, தப்பு அவருடையது இல்லை. "சங்கீதம் 23-க்குத் திருப்பிக்கொள்ளுங்கள்" என்று மேடையில் சொல்லும்போது பக்க எண் தெரியாமல் முழிக்கிறவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து எடுத்துக் கொடுத்திருக்கிறோமா?

அந்தச் செக்கிங் அக்கா நாலைந்து வாரத்தில் நின்றதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்கள். ஆனால் பல சபைகளில் நான் பார்த்தது இது: புதிதாக வரும் பெண்ணிடம் இரண்டாவது வாரமே யாராவது ஒரு மூத்த சகோதரி வந்து பொட்டு வைக்காதே, பூ வைக்காதே என்று பேச ஆரம்பித்துவிடுவார். இயேசு யார் என்றே இன்னும் தெரியவில்லை, அதற்குள் வீட்டில் புருஷனோடும் மாமியாரோடும் சண்டை. அந்தப் பேச்சை யாரும் எடுக்காதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இன்னொன்று, புதிதாக வருகிறவருக்குச் சபையில் சொந்தக்காரர் கிடையாது. நாம் எல்லாம் மச்சான், மாமா, சித்தி என்று கும்பலாக நிற்போம், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தனியாகப் போவார். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டது யார்? ஜாதி பார்த்துக் கூப்பிடாமல் விட்ட வீடுகளும் உண்டு, அதையும் மூடி மறைக்க வேண்டாம்.

பாஸ்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கூட்டம் போடட்டும், நீங்களும் பந்தல் கட்ட நில்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: இந்தத் தடவை அட்டை எழுதும் மேஜையில், வருகிற ஒவ்வொருவரையும் அடுத்த வாரமே போய்ப் பார்க்கப்போகும் ஆளின் பெயரையும் அதே அட்டையில் எழுத வேண்டும், பெயர் கிடைக்காவிட்டால் அட்டையே வாங்கக் கூடாது. பாரம் குறைந்துவிட்டது என்பவர்களுக்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவைச் சொல்லுங்கள். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனவர். தெலுங்கு கிராமங்களில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலையிலேயே கையை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லும்படி செய்தாராம். ஆளை உட்காரவைத்து வளர்த்தால் அவரே அடுத்த வீட்டுக்குச் சொல்லிக்கொள்வார், உங்கள் மைக் செட் வாடகையும் மிச்சம்.

இப்போது பீரோவைத் திறந்து அந்த அக்காவின் அட்டையை முதலில் எடுங்கள். சனிக்கிழமை வேண்டாம், சம்பள நாள். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். தனியாகப் போகாதீர்கள், அம்மாவையோ அக்கா தங்கையையோ கூட்டிக்கொண்டு போங்கள். அட்டையில் விலாசம் சரியாக இருக்காது, தெருமுனை மளிகைக் கடையில் விசாரித்தால் சொல்வார்கள்.