மண்ணீரல் கட்டி புற்றுநோயா என்பதை ஸ்கேன் சொல்லிவிடுமா?

மண்ணீரலில் கட்டி இருப்பதாக சி.டி. ஸ்கேன் அறிக்கை வந்திருக்கிறது, அது புற்றுநோயா என்பதும் ஸ்கேனிலேயே தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உறுதியாகத் தெரியாது. ஆனால் சந்தேகத்தை நன்றாகக் குறுக்கித் தரும்.

படம் எந்த நொடியில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திய 25, 30 நொடிகளில் நோயில்லாத மண்ணீரலே வரிக்குதிரைபோலப் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் ரத்தம் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதே காரணம். பட்டைகளுக்கிடையே கட்டி ஒளிந்துகொள்ளலாம்; பட்டையே கட்டியாகவும் தோன்றலாம். 70 நொடி வாக்கில் உறுப்பு ஒரே சீராகிவிடும். அப்போதும் மறையாத திட்டு கவனத்துக்குரியது.

ரத்தக்குழாய்களின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோயான ஆஞ்சியோசார்க்கோமா மிக அரிது, மிக மூர்க்கமானது. எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்கசிவின் வயதுக்கேற்பக் கருமையும் வெளிச்சமும் கலந்து தெரியும். கல்லீரலிலும் கட்டிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா, செல்கள் சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று காட்டும் பெட் ஸ்கேனில் பளிச்சிடும். காசநோயும் அப்படியே பளிச்சிடக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இறுதி விடை திசுப் பரிசோதனையில்தான். ஆஞ்சியோசார்க்கோமா என்ற ஐயம் இருந்தால், ரத்தக்கசிவுக்கு அஞ்சி, ஊசி குத்தாமல் மண்ணீரலையே அகற்றிப் பரிசோதிப்பதுண்டு. பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கொண்டுசெல்லுங்கள். கட்டி பல ஆண்டுகளாக வளராமல் இருப்பது தெரிந்தால், அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.