30 லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் இரண்டு பேர்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது 'ரெட் ட்வார்ஃப்' தொடரின் முதல் ஆறு சீசன்களோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைப் பற்றி ஏன் ஒரு வரி கூட இல்லை என்று கேட்டு வந்த கடிதங்களுக்காக இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆறாவது சீசனோடு நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்களும் அந்தக் கட்சிதானா?

பதில்: இல்லை. பிந்தைய சீசன்கள் எல்லாம் ஒரே தரத்தில் இருக்கின்றன என்று வாதாட மாட்டேன். ஆனால் ஆறோடு எழுந்து போகிறவர்கள், இந்தத் தொடரிலேயே மனத்தை மிகவும் தொடுகிற சில காட்சிகளைப் பார்க்காமல் போகிறார்கள்.

தொடரை அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராப் கிராண்ட், டக் நெய்லர் என்ற இரு எழுத்தாளர்கள் உருவாக்கி, 1988 பிப்ரவரியில் பிபிசி 2 அலைவரிசையில் தொடங்கிய தொடர் இது. ரெட் ட்வார்ஃப் என்னும் பிரமாண்டமான சுரங்க விண்கப்பலில் கடைநிலைப் பணியாளனான லிஸ்டர், விதியை மீறிப் பூனை வளர்த்ததற்காகக் காலம் உறைந்துபோன ஓர் அறையில் அடைக்கப்படுகிறான். அவன் உள்ளே இருக்கும்போது கதிர்வீச்சுக் கசிந்து கப்பலில் இருந்த அத்தனை பேரும் இறந்துவிட, ஆபத்து நீங்கி அவன் வெளியே வரும்போது 30 லட்சம் ஆண்டுகள் ஓடிவிட்டிருக்கின்றன. அவனுக்குப் புத்தி பேதலிக்காமல் இருக்க, இறந்தவர்களில் ஒருவரைக் கப்பலின் கணினியான ஹாலி, ஒளியால் ஆன உருவமாக, அதாவது ஹாலோகிராமாக, உயிர்ப்பிக்கிறது. அது தேர்ந்தெடுப்பது லிஸ்டர் மனத்தில் வைத்திருந்த கொச்சான்ஸ்கியை அல்ல. ஓயாமல் அவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த அறைத்தோழனும் மேலாளனுமான ரிம்மரை. அந்தப் பூனையின் வழித்தோன்றலான கேட், பிற்பாடு வந்து சேரும் இயந்திர மனிதன் க்ரைட்டன் ஆகியோரை நான் மிகவும் நேசிக்கிறேன் என்றாலும், தொடரின் உயிர்நாடி ஹாலி செய்த அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

1989இல் வந்த மூன்றாவது சீசனில் 'மரூன்ட்' என்றொரு எபிசோட். பனி மூடிய கோள் ஒன்றில் இருவரும் சிறு விண்கலத்தோடு சிக்கிக்கொள்கிறார்கள். ரிம்மருக்குக் குளிரும் இல்லை, பசியும் இல்லை. லிஸ்டருக்கு இரண்டும் உண்டு. உயிர் பிழைக்க ஒவ்வொரு பொருளாக எரித்து வரும்போது லிஸ்டரின் கிதாருக்கும் முறை வருகிறது. அதை எரிக்க மனமில்லாத லிஸ்டர், ரிம்மருக்கு அவன் தந்தை கொடுத்த கற்பூரமரப் பெட்டியின் பின்பக்கத்தைக் கிதார் வடிவத்தில் அறுத்தெடுத்து நெருப்பில் போடுகிறான். உண்மையை அறியாத ரிம்மர் அந்தத் 'தியாகத்தில்' உருகிப்போய், உயிருக்கு உயிராகப் பாதுகாத்துவந்த நெப்போலியன் காலத்துப் போர்வீரர் பொம்மைகளை எரிக்கக் கொடுத்துவிடுகிறான். லிஸ்டரின் முகத்தில் அப்போது தெரியும் குற்ற உணர்வையும், பெட்டியில் இருக்கும் கிதார் வடிவ ஓட்டை கடைசியில் வெளிப்படுவதையும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஒருவனை ஒருவன் சகிக்க முடியாத, ஆனால் ஒருவனை விட்டால் மற்றவனுக்கு வேறு கதியில்லாத இந்த நிலையைப் பிந்தைய சீசன்கள் எந்த அளவுக்குக் காப்பாற்றின என்பதை வைத்தே அவற்றை எடை போடுகிறேன்.

கேள்வி: ஏழாவது சீசனைத் தொடங்கியதும் வேறு ஏதோ தொடரைப் பார்ப்பது போல இருந்தது. ராப் கிராண்ட் விலகியதுதான் இதற்குக் காரணமா?

பதில்: உங்களுக்குத் தோன்றியது சரிதான், காரணம் மட்டும் அது ஒன்றல்ல. 1993இல் ஆறாவது சீசன் 'தொடரும்' என்ற அறிவிப்போடு முடிந்தது. ஏழாவது சீசன் வந்தது 1997 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் கிராண்ட் விலகிவிட, நெய்லர் பிற எழுத்தாளர்களைச் சேர்த்துக்கொண்டு எட்டு எபிசோட்களை உருவாக்கினார். அதுவரை அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்து அவர்கள் முன்னால் நடித்துவந்த நடிகர்கள், இந்த சீசனில் ஆளில்லாத அரங்கில் நடித்தார்கள். காட்சிகளுக்குத் திரைப்படத்தின் சாயல் ஏற்றப்பட்டது; தொகுத்து முடித்த எபிசோட்களைப் பிறகு பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டிச் சிரிப்பொலியைப் பதிவு செய்தார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சிரித்து முடிக்கும்வரை அரை விநாடி காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்லும் நடிகரின் தாளம் இந்த முறையில் கிடைப்பதில்லை. உங்களுக்கு அந்நியமாகத் தெரிந்ததில் பாதி அந்தத் தாளம் இல்லாமைதான் என்று நினைக்கிறேன்.

மறு பாதி, ரிம்மர் இல்லாமை. ரிம்மராக நடிக்கும் கிறிஸ் பாரி இந்த சீசனில் சில எபிசோட்களில் மட்டுமே வருகிறார்; இரண்டாவது எபிசோடிலேயே ரிம்மர் கப்பலை விட்டுப் போய்விடுகிறான். அவன் இடத்துக்கு க்ளோயி அனெட் நடித்த கொச்சான்ஸ்கி வருகிறாள். அனெட்டின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. லிஸ்டரைப் பார்த்தால் எரிச்சலடைய வேண்டிய பாத்திரம், லிஸ்டர் காதலிக்கும் பாத்திரமாகவும் இருந்தாக வேண்டியதாயிற்று. ஒருவர் தலையில் இரண்டு சுமையையும் ஏற்றினால் எந்த நடிகையாக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்.

ஆனால் இதே சீசனில் 'ப்ளூ' என்ற எபிசோடைத் தவறவிடாதீர்கள். ரிம்மர் போன பிறகு லிஸ்டருக்கு அவன் நினைவு வாட்டுகிறது, கனவிலும் வருகிறான். அந்த ஏக்கத்தைப் போக்க, ரிம்மரின் நாட்குறிப்புகளைக் கொண்டு க்ரைட்டன் ஒரு கேளிக்கைப் பயணத்தையே உருவாக்குகிறான். ரிம்மரின் பெருமையைப் பாடும் பொம்மைகளுக்கு நடுவே உட்காரவைக்கப்பட்ட லிஸ்டருக்கு, அவன் எப்படிப்பட்ட ஆள் என்பது நினைவுக்கு வந்து ஏக்கம் ஒரேயடியாகத் தெளிந்துபோகிறது. ரிம்மர் இல்லாத சீசனின் மிகச் சிறந்த எபிசோட், ரிம்மர் இல்லாததைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

கேள்வி: எட்டாவது சீசனில் இறந்த பணியாளர்கள் எல்லோரும் உயிரோடு திரும்புவதும், நாயகர்கள் கப்பலின் சிறையில் மாட்டிக்கொள்வதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ரசிகர்கள் ஏன் இதைக் குறை சொல்கிறார்கள்?

பதில்: உங்களுக்குப் பிடித்ததில் தவறே இல்லை, 1999இல் அந்த சீசனின் முதல் எபிசோடை 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பார்வையாளர்கள் அரங்குக்குத் திரும்பினார்கள், பாரி முழுநேரமாகத் திரும்பினார், லிஸ்டரும் ரிம்மரும் மறுபடி ஒரே அறையில் படுத்துறங்கினார்கள். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நான் கேட்ட எல்லாம் அதில் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது இரண்டு விஷயங்கள். கப்பல் நிறைய மனிதர்கள் வந்துவிட்டதும், பிரபஞ்சத்தில் இவர்களைத் தவிர ஆளில்லை என்ற அந்தப் பெரிய வெறுமை போய்விடுகிறது. அது போன பிறகு இவர்களின் சண்டை, எந்த விடுதியிலும் எந்தச் சிறையிலும் நடக்கும் சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது இதைவிடப் பெரிய இழப்பு. உயிர்த்தெழுந்த ரிம்மர், விபத்துக்கு முன்பிருந்த ரிம்மர். செத்து, ஒளியுருவாகி, லிஸ்டரோடு அத்தனை ஆண்டுகள் அலைந்து, தன்னையறியாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாறிய ரிம்மரை இவனுக்குத் தெரியாது. பனிக்கோளில் எரிந்த பொம்மைகள்கூட இவன் நினைவில் இல்லை. லிஸ்டருக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்பதை வைத்து எவ்வளவோ செய்திருக்கலாம். எழுத்தாளர்கள் அதைத் தொடவே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

வருவதை முன்கூட்டியே சொல்லும் கணினியைப் பற்றிய 'கசாண்ட்ரா', முதல் ஆறு சீசன்களின் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. சாவைத் தன் பெயரிலிருந்து வேறொருவன் பெயருக்கு மாற்றிவிட ரிம்மர் போடும் கணக்கில் அவனுடைய கோழைத்தனமும் கூர்மையும் ஒருசேரத் தெரிகின்றன. அதன் பின்னர் வரும் டைனோசர் கதையை இரண்டு எபிசோட்களுக்கு இழுத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: 'பேக் டு எர்த்' மூன்று எபிசோட்களிலும் சிரிப்பொலியே இல்லை. அதை நகைச்சுவைத் தொடராகவே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சிரிக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு உட்காராதீர்கள். எட்டாவது சீசன் கதையை அந்தரத்தில் விட்டு முடிந்த பிறகு, நெய்லர் இதைத் திரைப்படமாக எடுக்க ஆண்டுக்கணக்கில் முயன்றும் கைகூடவில்லை. கடைசியில் 2009 ஏப்ரலில், டேவ் என்ற அலைவரிசைக்காக இந்த மூன்று எபிசோட்கள் தயாராயின. தாங்கள் வெறும் தொலைக்காட்சிப் பாத்திரங்கள் என்று நாயகர்கள் அறிந்து, தங்களைப் படைத்தவரைத் தேடிப் போகிறார்கள். வழியில், லிஸ்டராக நடிக்கும் கிரெய்க் சார்ல்ஸ் அப்போது நடித்துக்கொண்டிருந்த 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் தெருவுக்கே வந்து சேர்கிறார்கள். இந்த வேடிக்கைகள் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. ஒட்டியது, கொச்சான்ஸ்கி இறந்துவிட்டாள் என்று நம்பி அவள் நினைவிடத்தில் லிஸ்டர் நிற்கும் காட்சி. சார்ல்ஸ் அதில் ஒரு நகைச்சுவை நடிகராக நடிக்கவில்லை. பிறகு, மயக்கத்தில் தோன்றும் கொச்சான்ஸ்கியோடு அங்கேயே இன்பமாக இருந்துவிட வாய்ப்புக் கிடைத்தும், அவள் உண்மையில் தன்னை விட்டுப் பிரிந்து எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்பதை அறிந்து, அந்த உண்மையைத் தேடி அவன் கிளம்புகிறான். 1992இல் வந்த 'பேக் டு ரியாலிட்டி'யில் இவர்களைத் தற்கொலையின் விளிம்புவரை கொண்டுபோனது, விரக்தியை உண்டாக்கும் கடலுயிரி ஒன்றின் மை. இங்கே அதே இனத்து உயிரியின் மை மகிழ்ச்சியை உண்டாக்குகிறது. விரக்தியை விட்டு வெளியேறுவதைக் காட்டிலும் மகிழ்ச்சியை விட்டு வெளியேறுவது கடினம் என்பதை லிஸ்டரின் தயக்கத்தில் பார்க்கலாம்.

கேள்வி: 2012இல் வந்த பத்தாவது சீசனில் எல்லோருக்கும் வயது ஏறிவிட்டது. இளைஞர்களுக்காக எழுதப்பட்ட பாத்திரங்களை ஐம்பதை ஒட்டிய வயதினர் நடிப்பது பொருத்தமாக இருக்கிறதா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இத்தனை கடிதங்களையும் பிரித்தேன் என்று சொல்லலாம். பொருத்தமாக இருக்கிறது, அதற்கும் மேலே, வயது ஏறியதால்தான் பத்தாவது சீசன் நன்றாக இருக்கிறது.

இருபத்தைந்து வயது லிஸ்டர் சோம்பிக் கிடந்தால், இன்னும் காலம் இருக்கிறது என்று சிரித்துவிடுகிறோம். நாற்பதுகளின் கடைசியில் அதே படுக்கையில் அதே தொப்பியோடு அவன் கிடக்கும்போது, அந்தச் சிரிப்போடு ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. லிஸ்டர் தனக்குத் தானே தந்தை என்பது ஏழாவது சீசனில் வெளிப்பட்ட ரகசியம். பத்தாவது சீசனில் அவன் தந்தையர் தினத்துக்குத் தனக்குத் தானே வாழ்த்து அனுப்பி, குடிபோதையில் தந்தையாக இருந்து மகனான தனக்குக் கண்டிப்பான அறிவுரைகளைப் பதிவு செய்துவைக்கிறான். கண்டிக்க ஆளில்லாத கடைசி மனிதன் தன்னைத் தானே கண்டித்துக்கொள்ளும் அந்தக் காட்சியை இளம் சார்ல்ஸால் இவ்வளவு நம்பும்படி செய்திருக்க முடியாது.

ரிம்மருக்குக் கிடைத்தது இன்னும் பெரியது. அந்த சீசனின் கடைசி எபிசோடின் பெயர் 'தொடக்கம்' என்று பொருள்படும் 'தி பிகினிங்'. 1988இல் வந்த முதல் எபிசோடின் பெயர் 'முடிவு' என்று பொருள்படும் 'தி எண்ட்'. எதிரிக் கலங்கள் சூழ்ந்து நிற்க, திட்டம் வகுக்க வேண்டிய ரிம்மர், தந்தையின் எதிர்பார்ப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதால் செயலற்றுப்போகிறான். அதிகாரியான பிறகே பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தை விட்டுச்சென்ற செய்தி ஒன்று அவனிடம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும்போது, தான் அவருடைய மகனே அல்ல, வீட்டுத் தோட்டக்காரரின் மகன் என்று தெரியவருகிறது. பாரியின் முகத்தில் முதலில் அதிர்ச்சி. பிறகு, சில நொடிகளில், ஒரு வாழ்நாள் பாரம் இறங்கிய நிம்மதி. தளபதி ஆகியிருக்க வேண்டியவனின் தோல்வி என்று இதுவரை எண்ணியதெல்லாம், தோட்டக்காரரின் மகன் எட்டிய உயரமாக மாறிவிடுகிறது. அதே கையோடு அவன் திட்டம் போட்டு எதிரிகளை வெல்கிறான். பூமியை நோக்கிக் கிளம்பும்போது முதல் எபிசோடின் இறுதியில் லிஸ்டர் சொன்ன வசனம், 24 ஆண்டுகள் கழித்து ரிம்மரின் வாயிலிருந்து வருகிறது. அறைத்தோழனின் சொல்லைத் தன் சொல்லாக அவன் எடுத்துக்கொண்ட அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது.

அந்த சீசனில் பார்வையாளர்கள் மீண்டும் அரங்கில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிராண்ட் இல்லாமல் எதுவும் தேறாது என்பவர்களுக்கு இந்த ஆறு எபிசோட்களே என் பதில்.

கேள்வி: கப்பல் காட்சிகளுக்குப் பழைய மாதிரியுருக்கள் நல்லவையா, கணினி வரைகலை நல்லதா?

பதில்: மாதிரியுருக்களே. கையால் செய்த கப்பலின் மீது விழும் ஒளிக்கு எடை இருக்கிறது. 1998இல் முதல் மூன்று சீசன்களின் கப்பல் காட்சிகளை வரைகலையால் மாற்றிப் புதுப்பித்தார்கள். பழைய பதிப்பையே பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேரம் குறைவு. ஆறாவது சீசனுக்குப் பிறகு எதையெல்லாம் பார்க்கட்டும்?

பதில்: ஏழாவதில் 'ப்ளூ', எட்டாவதில் 'கசாண்ட்ரா', பத்தாவது சீசனை முழுமையாக. 2016இல் வந்த பதினோராவது சீசனை நேரம் கிடைத்தால் பாருங்கள். 2017இன் பன்னிரண்டாவதில் 'எம்-கார்ப்' எபிசோடைத் தவறவிட வேண்டாம். ஒரு நிறுவனம் தயாரிக்காத எதுவும் லிஸ்டரின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, பக்கத்தில் நிற்கும் நண்பன் உட்பட. வேறு வேறு உலகங்களுக்குத் தாவித் தனக்கேற்ற வாழ்க்கையைத் தேடும் ரிம்மரின் கதையான 'ஸ்கிப்பர்' அந்த சீசனின் கடைசி எபிசோட். அதில் நார்மன் லவெட்டின் ஹாலியை மறுபடி பார்க்கும் மகிழ்ச்சியும் உண்டு.

இவற்றுக்குப் பிறகு, 2020 ஏப்ரலில் வந்த முழுநீளப் படமான 'தி பிராமிஸ்ட் லேண்ட்'. பூனை இனத்தாரின் கதை அதில் பாதிக்கு மேல் ஓடுகிறது. அதை நான் பொறுமையோடுதான் கடந்தேன். நடுவில் ஓரிடத்தில், தான் நிஜமான மனிதன்கூட இல்லை, வெறும் ஒளி என்று ரிம்மர் உடைந்துபோய் இருக்கிறான். லிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, நிலவொளியும் சூரியனிடமிருந்து வருவதுதான், அதனால் அது நிலவொளி இல்லை என்று ஆகிவிடுமா என்ற பொருளில் அவனுக்கு எடுத்துச் சொல்கிறான். கிண்டல் இல்லை, வசவு இல்லை. அந்தக் காட்சி வரும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். சார்ல்ஸ் மிகத் தாழ்ந்த குரலில் பேசுகிறார்.