வேலையும் நிறைவும் – ஒரு கடிதம்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டம் பெற்று, நீண்ட காத்திருப்பின் பின் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்றவள் நான். மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச செயலகமொன்றில் சில வருடங்களாகக் கடமையாற்றுகிறேன். படிவங்களைச் சரிபார்க்கிறேன், பட்டியல்களைத் தட்டச்சுச் செய்கிறேன், மாலையில் வீடு திரும்புகிறேன். அரசாங்க உத்தியோகம் என்று வீட்டாருக்குப் பெருமை. எனக்கோ வாழ்நாள் வீணாகிறதே என்ற ஏக்கம். விபுலாநந்த அடிகளைப் போல இதற்காகவே பிறந்தேன் என்று சொல்ல என்னிடம் எதுவுமில்லை. என்னோடு படித்தவர்கள் பலர் வெளிநாடு சென்றுவிட்டார்கள். நானும் இதை விட்டுவிட்டுப் போகலாமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

வெளிநாடு செல்வதா என்பது வருமானத்தையும் கடனையும் பெற்றோரின் முதுமையையும் வைத்து வீட்டாரோடு அமர்ந்து தீர்மானிக்க வேண்டிய காரியம். அதில் நான் தலையிட மாட்டேன். மனநிறைவு இல்லை என்ற ஒன்றுக்காகவே புறப்படுவதாயின் சற்றுப் பொறுங்கள்; அந்தக் குறை போகுமிடத்துக்கும் கூடவே வரும்.

அடிகளாரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 1892 இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த அவர், விஞ்ஞானம் கற்பித்தார், மானிப்பாயில் கல்லூரி அதிபராக இருந்தார், அதன் பின்னரே 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். துறவியான பின்னும் கிழக்கில் பாடசாலைகளை நிர்வகிக்கும் பொறுப்பு அவர் தோளில் இருந்தது. கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது அவருடைய முயற்சியால்தான். பாடசாலை நடத்துபவருக்குப் படிவமும் கணக்கும் இல்லாத நாள் ஏது? பழந்தமிழர் யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு எழுதிய ‘யாழ் நூல்’ 1947 இல் வெளிவந்தது, அவர் மறைந்ததும் அதே ஆண்டில். இளமையில் பயின்ற கணிதமும் விஞ்ஞானமும் அந்தக் கணக்கில் வந்து கைகொடுத்தன. எதற்காகப் பிறந்தோம் என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டு வாழத் தொடங்கியவராக எனக்கு அவர் தெரியவில்லை. கையில் வந்த பொறுப்பை முழுமையாகச் செய்து செய்தே அவர் அங்கு போய்ச் சேர்ந்தார் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது வேறொன்று. அதில் படிவங்கள் இருக்கின்றன, பட்டியல்கள் இருக்கின்றன. அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டிய மனிதர் ஒருவர்கூட இல்லை.

ஒரு பிரதேச செயலகத்தின் வாங்கில் காத்திருந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து, பாதை எனப்படும் மிதவையிலேறி வாவியைக் கடந்து, பின் பஸ் பிடித்து வந்திருந்த வயதான தாயொருவரின் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தது. இப்படியானவர்களைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவதே வழக்கம். அந்த மேசையிலிருந்த இளம் உத்தியோகத்தர் அவரை அமரச் செய்து, ஜிஎஸ் எனப்படும் கிராம உத்தியோகத்தரைத் தொலைபேசியில் அழைத்து விபரம் கேட்டார். சத்தியக்கடதாசியில் எழுத வேண்டியதைத் தாமே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினார். பின்னர், “அம்மா, இதுக்காகத் திரும்ப இஞ்ச வரத் தேவல்ல, ஜிஎஸ் ஐயாட்டக் குடுங்க, அவர் கொண்டு வருவார்” என்றார். பத்து நிமிடங்கூட ஆகியிராது. அந்தத் தாய்க்கு ஒரு நாளும் போக்குவரத்துச் செலவும் மிச்சம். அந்த உத்தியோகத்தர் அன்று மாலை வாழ்நாள் வீணாகிறதே என்று ஏங்கியிருப்பார் என எனக்குத் தோன்றவில்லை. அவருடைய சம்பளமும் உங்களுடையதும் ஒன்றுதான்.

தமிழ் படித்தவர் நீங்கள், நம் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவரவர் பாட்டை எழுதிய சட்டத்தைக் கொடுத்து, கிழமைதோறும் ஆடி, சதங்கை அணிந்து, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகிய பிறகே அரங்கேற்றம். அன்று ஊர்க்கண் முழுவதும் அரசனாக வருபவரின் உடுப்பிலும் முடியிலும் இருக்கும். மத்தளத்துக்கு அருகே சாதாரண வேட்டியோடு நின்று பிற்பாட்டுப் பாடுபவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் எந்த ஆட்டக்காரருக்கு எந்தத் தருவில், அதாவது எந்தக் கூத்துப்பாட்டில், மூச்சு வாங்கும் என்பது அவருக்குத் தெரியும்; அந்த இடத்தில் பாட்டை அவர் தன் குரலில் ஏந்திக்கொள்வதால்தான் ஆட்டம் விடியும்வரை தளராமல் நிற்கிறது. பகலில் வயலில் தண்ணீர் கட்டும் அத்தகைய ஒருவரோடு பேசியிருக்கிறேன். ஒவ்வொருவரும் தளரும் இடத்தை அவர் சொல்லிக்கொண்டு போனபோது இருந்த முகமலர்ச்சியை அரச வேடக்காரரிடமும் நான் கண்டதில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிவதும், செய்வதில் கை தேர்ந்துகொண்டே போவதும் சேருமிடத்தில் நிறைவு வருகிறது என்பதே என் எண்ணம்.

எல்லா வேலையிலும் இதற்கு இடமிருக்கிறது என்று சொன்னால் அது பொய். நியமனம் கொடுத்துவிட்டு, உட்கார மேசையும் செய்ய வேலையும் கொடுக்காத இடங்கள் உண்டு. யாருடையதோ விருப்பத்துக்குப் பட்டியலைத் திருத்தச் சொல்லும் இடங்களும் உண்டு. உங்கள் அலுவலகம் அப்படிப்பட்டதாயின் உங்கள் கோபம் நியாயமானது. அதை உங்கள் சொந்தக் குறையாக எண்ணி மனம் வெதும்பாதீர்கள், இடமாற்றத்துக்கு எழுதுங்கள்.

அப்படியில்லையென்றால், உங்கள் பிரிவில் மக்களை அதிகம் அலைக்கழிக்கும் விடயம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்குரிய சுற்றுநிருபங்கள் அனைத்தையும் படித்து, அந்தச் சிக்கல் வந்தால் பக்கத்து மேசைக்காரர்களும் உங்களைத் தேடி வரும் அளவுக்குத் தேர்ச்சி பெறுங்கள். ஒரு வருடமாவது இதைச் செய்து பார்த்த பின் போவதைப் பற்றி யோசிக்கலாம். படித்த தமிழையும் கைவிட வேண்டாம். கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் முதியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். விடுமுறை நாட்களில் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்த கடிதத்தில் உங்கள் மேசைக்கு வந்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள்: எந்த ஊர், எதற்காக வந்தார், காரியம் முடிந்ததா, முடியவில்லையென்றால் எந்த இடத்தில் தடைப்பட்டது.

அன்புடன்.