வசந்தத்தை முந்திக்கொண்டு ஓடுபவர்

கேள்வி: வசந்தம் வந்ததிலிருந்து விடுமுறை நாட்களில் கிராமப்புறப் பாதைகளில் நடக்கிறேன். பத்தாயிரம் அடிக்குக் குறைந்ததே இல்லை. ஆனால் 'மனசு லேசாகும், உலகமே புதுசாகத் தெரியும்' என்று ஊரெல்லாம் சொல்வது எனக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை? இதற்கு வீட்டில் ஒரு ட்ரெட்மில் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். எண்ணுவதுதான் வேலை என்றால் ட்ரெட்மில்தான் சரி, செருப்பில் சேறுகூட ஒட்டாது.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். கணக்கு இருக்கிறது. ஒரு பூ இல்லை, ஒரு பறவை இல்லை. வழியில் எங்கேயாவது நின்றீர்களா என்பதும் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பத்தாயிரம், மருத்துவர்கள் கூடி முடிவு செய்த அளவு அல்ல. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் 'மான்போகெய்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது, எண் நம் தலையில் ஏறிவிட்டது. நடப்பது உடம்புக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கேட்டது மனசைப் பற்றி.

வேறொரு கணக்கு தருகிறேன். வசந்தமும் நடக்கிறது. ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1918-இல் அதற்கு ஒரு விதியே எழுதினார். வடக்கே ஒரு பாகை அட்சரேகை போனால் துளிர்ப்பதும் பூப்பதும் சுமார் நாலு நாள் தள்ளிப்போகும். ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியென்றால் வசந்தத்தின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். நீங்கள் ஐந்தில் போகிறீர்கள். முந்திக்கொண்டு ஓடிவிட்டு, காணோமே என்று கேட்டால் நான் என்ன செய்ய?

அதே விதி உயரத்துக்கும் உண்டு. 400 அடி ஏறினால் நாலு நாள் தாமதம் (உயரத்து அடி ஐயா, அதையும் எண்ண ஆரம்பித்துவிடாதீர்கள்). இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், ஆனாலும் மலைச்சரிவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடிவாரத்தில் இதழ் கொட்டித் தீர்த்த மரத்தின் பங்காளி, ஆயிரம் அடி மேலே இப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். பத்து நாளைத் தவறவிட்டவர்களுக்கு இதைவிட நல்ல சலுகை கிடையாது.

அப்புறம், ஒரு இடத்தில் உட்காருங்கள். இலையுதிர்காட்டில் தலைக்கு மேல் இலைகள் மூடிக்கொள்ளும் முன்பு சில வாரம்தான் தரைக்கு வெயில். அதற்குள் பூத்துக் காரியத்தை முடித்துக்கொள்ளும் சின்னச் செடிகள் உண்டு. காட்டு அனிமோன் அதில் ஒன்று. விரல் நீளத்துக்குத் தண்டு, ஒற்றை வெள்ளைப் பூ. மேகம் மூடினால் பூவும் மூடித் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும், இதழின் வெளிப்புறத்து இளஞ்சிவப்பு அப்போதுதான் தெரியும். வெயில் வந்தால் மெதுவாக நிமிர்ந்து விரியும். அரை மணி நேரம் பிடிக்கலாம். அந்த அரை மணியில் உங்கள் கருவி காட்டும் எண் பூஜ்யம்.

காதுக்கும் வேலை கொடுங்கள். விடியலில் அவ்வளவு சத்தம் போடுவது பெரும்பாலும் ஆண் பறவைகள். துணையைக் கூப்பிடுவது பாதி, 'இது என் இடம், உள்ளே வராதே' என்பது மீதி. நாம் சங்கீதம் என்று மெய்மறப்பதில் பாதி எல்லைத் தகராறு. தெரிந்த பிறகும் இனிமை குறைவதில்லை என்பதுதான் வேடிக்கை.

புல்லில் உட்கார்ந்தீர்கள் என்றால், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குட்டி போட்ட ஆடுமாடு மேயும் இடத்தில் நாயை அவிழ்த்து விடாதீர்கள்.

ட்ரெட்மில் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஒரு மலைப்பாதையில் ஏறிவிட்டு எழுதுங்கள். எத்தனை அடி என்று வேண்டாம், கீழே பூத்திருந்தது மேலே மொட்டாக இருந்ததா, அதை மட்டும்.