படர்தாமரையில் புது இனமா? ஆய்வகக் கேள்விகளும் பதில்களும்

லேப் டெக்னீஷியன், கடலூர்: சார், பார்த்தாலே படர்தாமரை என்று தெரிகிறது. ஆனால் சுரண்டி எடுத்த செதிலில் பூஞ்சை இழையே கிடைப்பதில்லை. எங்கே தப்பு?

பெரும்பாலும் சுரண்டும் இடத்தில். வட்டத்தின் நடுப்பகுதி ஆறிக்கொண்டே வரும், பூஞ்சை மேடான விளிம்பில்தான் மும்முரமாக வளரும். அங்கே 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிளேடின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டுங்கள். செதிலைக் கறுப்புத் தாளில் மடித்து வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், நம் கடலோர ஈரத்தில் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஸ்லைடில் தோல் செல்களைக் கரைக்க 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு 10 முதல் 20 நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டால் தோல் செல்களின் ஓரமே இழை போலத் தெரிந்து ஏமாற்றும். நோயாளி பூஞ்சைக் களிம்பு பூசிக்கொண்டிருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். பூசியிருந்தால் கல்ச்சர் (ஊட்டத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது) வளராமல் போகலாம்.

அதே டெக்னீஷியன்: கல்ச்சருக்கு எந்த மீடியம் சார்?

சபூரோ டெக்ஸ்ட்ரோஸ் அகார், இரண்டு குழாய்களில். ஒன்றில், வேண்டாத பூஞ்சைகளைத் தடுக்க லிட்டருக்கு 0.5 கிராம் சைக்ளோஹெக்சிமைடும், பாக்டீரியாவைத் தடுக்க 0.05 கிராம் குளோராம்பெனிகாலும். இன்னொன்றில் சைக்ளோஹெக்சிமைடு கூடாது, தோலைத் தாக்கும் நியோசைடாலிடியம் போன்ற வேறு பூஞ்சைகள் அதில் செத்துவிடும். 25 முதல் 30 டிகிரியில் வைத்து, நான்கு வாரம் ஆகாமல் 'வளரவில்லை' என்று எழுதாதீர்கள்.

எம்.எஸ்சி. மாணவர், புதுச்சேரி: மைக்ரோஸ்கோப்பில், படர்தாமரை தரும் டிரைக்கோபைட்டான் மென்டாக்ரோபைட்டிஸ் என்ற பூஞ்சை போல இருக்கிறது. அப்படியே எழுதலாமா?

வேண்டாம் தம்பி. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்ட டிரைக்கோபைட்டான் இன்டோடினியே லாக்டோபீனால் காட்டன் ப்ளூ சாயத்தில் அதே முகத்தோடுதான் நிற்கும். அதற்கு முன்பு மென்டாக்ரோபைட்டிஸின் எட்டாம் ஐ.டி.எஸ். (பூஞ்சை இனங்களைப் பிரித்தறிய உதவும் டி.என்.ஏ. பகுதி) மரபணு வகை என்றே அதை வகைப்படுத்தியிருந்தார்கள். பிரித்துக் காட்டுவது ஐ.டி.எஸ். பகுதியின் டி.என்.ஏ. எழுத்து வரிசை. அங்கும் ஒரு பொறி உண்டு: தரவுத்தளத்தில் பழைய பதிவுகள் பல இன்னும் பழைய பெயரில் இருக்கின்றன. முதலில் வரும் பெயரை அப்படியே நகலெடுக்காமல், மூல மாதிரியின் (இனப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மாதிரி) வரிசையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசமே சில எழுத்துகள்தான். அதனால் வரிசையைக் காட்டும் வரைபடமான குரோமட்டோகிராமை இரு திசையிலும் படிக்காமல் முடிவு சொல்வது ஆபத்து.

அதே மாணவர்: எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால் புது இனமா?

முதலில் கலப்படமா என்று பாருங்கள். ஒற்றை ஸ்போரிலிருந்து மறுபடி வளர்த்து, மீண்டும் வரிசை எடுங்கள். ஐ.டி.எஸ். மட்டும் போதாது, பீட்டா டியூபுலின், டி.இ.எப்.1 போன்ற மரபணுக்களும் அதே கதையைச் சொல்ல வேண்டும். வெவ்வேறு நோயாளிகளின் மாதிரிகள் இருந்தால் வாதம் நிற்கும். பிறகு உலர்த்திய அல்லது செயலிழக்க வைத்த கல்ச்சரை மூல மாதிரியாகச் சேமிப்பகத்தில் வைத்து, லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணம் எழுத வேண்டும். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் இல்லாத பூஞ்சைப் பெயர் செல்லாது.

இல்லத்தரசி, பண்ருட்டி: பெயர் மாறினால் எங்களுக்கு என்னங்க? மாத்திரை சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருதே.

நிறைய வித்தியாசம் அம்மா. மேலே சொன்ன டிரைக்கோபைட்டான் இன்டோடினியேயின் பல மாதிரிகளுக்கு டெர்பினாபின் என்ற பூஞ்சை மருந்து வேலை செய்யாது. அந்த மருந்து தாக்கும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற பூஞ்சை நொதியில் 397ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் பினைல்அலனினிலிருந்து லியூசினாக மாறுவது அதற்கு முக்கியக் காரணம். அப்போது தோல் மருத்துவர் பெரும்பாலும் இட்ராகொனசோலுக்கு மாற்றுவார். நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், இதயம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது, வேறு பல மாத்திரைகளோடும் மோதும். கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை, பூசிய உடனே அரிப்பு அடங்கினாலும், தயவுசெய்து பூசாதீர்கள். பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும், விளிம்பும் மங்கிப்போகும், மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இருந்தால் அவர்களையும் கூடவே கூட்டிச் செல்லுங்கள். துண்டும் உள்ளாடையும் தனித்தனியாக இருக்கட்டும்.